முதல் இடம் இல்லாத வகுப்பு

எங்கள் வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை விடைகளே தீர்மானித்தன. ஆசிரியை ஒரு வினாவை முதல் இருக்கையில் இருப்பவளிடம் கேட்பார். அவளுக்குத் தெரியாவிட்டால் அது அடுத்தவளுக்குப் போகும். அவளும் விழித்தால் அதற்கடுத்தவளுக்கு. சரியாகச் சொன்னவள் எழுந்து, தவறவிட்டவர்கள் அனைவரையும் கடந்து மேலே வந்து அமர்வாள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கோர் இடம் கீழே நகர்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்கும்போது எவள் எங்கே இருக்கிறாளோ, அதுவே அந்த வாரத்தில் அவள் இடம்.

மற்றப் பெண்களுக்கு இது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. நான்காம் படிவத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், சேர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது நிறைந்திருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தது. உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்த என் தந்தை எனக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: முதல் இடத்தில் இருக்கும்வரை படிக்கலாம், இறங்கினால் படிப்பு நின்றுவிடும். வெள்ளிதோறும் லஸ் முனையில் டிராமை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், தலைப்பாகையைக் கழற்றுமுன்பே, "எத்தனாவது?" என்பார். "முதல்" என்பேன். அடுக்களையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் அதுவரை நின்றிருந்து பிறகு தொடரும்.

ஆண்டின் நடுவே எங்களுக்குப் புதிய ஆசிரியை ஒருவர் வந்தார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். ஒரு வாரம் பழைய முறைப்படியே வினாக்களைக் கேட்டுக்கொண்டு, எங்கள் நகர்தலைப் பேசாமல் கவனித்தார். அவர் பார்வை அடிக்கடி கடைசி இருக்கைக்குச் சென்றது. அங்கே சாந்தோம் கடற்கரைக் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளி திறந்த நாள் முதல் அந்த இடத்தைவிட்டு அசையாதவள். எந்த வினாவும் அவளிடம் சென்று சேர்ந்ததே இல்லை. வழியிலேயே யாராவது விடை சொல்லிவிடுவோம்.

மறுவாரம் ஆசிரியை சொன்னார்: "இனிமே இடம் மாறுறது கிடையாது. யார் எங்கே வேணும்னாலும் உட்காரலாம். பதில் சொன்னா மட்டும் போதாது, கேள்வியும் கேக்கணும்."

வகுப்பு கைதட்டியது. பக்கத்தில் இருந்தவள் என் காதில், "சிம்மாசனம் போயிடுத்தேடி! இனிமே ராணி தரையிலதான்" என்று சிரித்தாள். வெள்ளிக்கிழமை அப்பாவிடம் என்ன சொல்வேன்?

இடைவேளையில் ஆசிரியையிடம் சென்றேன். "டீச்சர், எனக்கு மட்டும் நான் எத்தனாவதுன்னு சொல்லிடுங்கோ."

"எதுக்கும்மா?"

சொன்னேன். அவர் முகம் வாடியது. தாம் திறந்துவிட்ட கதவு வேறொருத்திக்கு மூடிக்கொண்டதை அப்போதுதான் அறிந்தவர்போல என்னைப் பார்த்தார். பிறகு, "அப்பாவை வரச் சொல்லு" என்றார்.

நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக அப்பா பள்ளித் தாழ்வாரத்தில் வந்து நின்றார். நான் தூணருகே ஒதுங்கி நின்றேன்.

"என் பொண்ணு முதலா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போறும்."

"அது எனக்குத் தெரியாது சார். நான் அப்படிப் பார்க்கறதில்லே."

"தெரியாதா? வாத்தியாரம்மா நீங்கதானே?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றா. நல்லாவே சொல்றா. ஆனா நான் வந்த நாளா ஒரு கேள்விகூடக் கேட்டதில்லே. அதுதான் எனக்குக் கவலை."

ஒரே ஒரு சொல்லை அவர் சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திராது. சொல்ல மறுத்ததோடு நில்லாமல் என் குறையையும் எடுத்து என் தந்தையின் கையில் கொடுத்துவிட்டாரே என்று அன்று அவரை மனமார வெறுத்தேன்.

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். "கோர்ட்டுல என் சாட்சியெல்லாம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே எனக்கு வேண்டியதைச் சொல்லிடறான். நீங்க என்னடான்னா…" என்று தொடங்கியவர், முடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "சரி. இந்த வெள்ளிக்கிழமை எத்தனாவதுன்னு கேக்க மாட்டேன். நீ கிளாஸ்ல என்ன கேள்வி கேட்டேன்னுதான் கேப்பேன். ஒண்ணுமில்லேன்னா காஞ்சிபுரத்துக்கு எழுதிப் போட்டுடறேன்."

அந்த வாரம் பட்ட துன்பத்தை நான் எந்தத் தேர்விலும் பட்டதில்லை. பாடநூலைத் திறந்தால் எல்லாம் விடைகளாகவே தென்பட்டன. தெரிந்ததைக் கேட்க நாணம். தெரியாதது எதுவென்று தெரியவில்லை. எழுந்திருக்க முயன்றபோதெல்லாம் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை இயற்கணித வகுப்பு. பின்னாலிருந்து குப்பத்துப் பெண்ணின் குரல் முதன்முறையாகக் கேட்டது. "டீச்சர், மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ்ஸுன்றீங்களே, அது எப்டி ஆவும்? இல்லாத்தையும் இல்லாத்தையும் பெருக்கினா இருக்கிறதா ஆய்டுமா இன்னா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "இதுக்கு நான் இன்னிக்குப் பதில் சொல்லப் போறதில்லே. எல்லாரும் யோசிங்க. திங்கட்கிழமை பேசலாம்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்குமுன் நான் கண்டதில்லை. நான் சொன்ன எந்த விடைக்கும் அது வந்ததில்லை. அந்த விதியை நான் எப்போதோ மனப்பாடம் செய்திருந்தேன். கணக்குகள் அனைத்தையும் பிழையின்றிப் போட்டிருந்தேன். ஏன் என்ற எண்ணம் ஒருநாளும் எழவில்லை.

வெள்ளிக்கிழமையும் வாய் திறவாமலே கழிந்தது.

மாலையில் அப்பா உள்ளே வந்தார். "என்ன கேட்டே?"

என் நாவில் இருந்தது அந்த ஒரு வினாதான். சொன்னேன்.

அப்பாவின் புருவம் உயர்ந்தது. "அதானே! ரெண்டு பொய்ச் சாட்சியைக் கூண்டுல ஏத்தினா ஒரு நிஜம் வந்துடுமோ?" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இது நீ கேட்டதாடி?"

அடுக்களை அமைதியாயிற்று.

"இல்லேப்பா. கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு கேட்டா."

"நீ?"

"நான் ஒண்ணும் கேக்கலே."

அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். கால் அலம்பிவிட்டு வந்து இலைமுன் அமர்ந்தார். அம்மா என் முகத்தைப் பாராமல் பரிமாறினாள். சாற்றுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அதுக்கு உங்க டீச்சர் என்ன பதில் சொன்னா?"

"இன்னும் சொல்லலேப்பா. திங்கட்கிழமைன்னா."

அம்மா மோர் விட்டாள்.

"அப்போ திங்கட்கிழமை போய்க் கேட்டுண்டு வா."

காஞ்சிபுரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.