எலுமிச்சை சேர்க்காத கிம்லெட்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் மூன்று வரை ஆவிக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவில் நிற்பாள். வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகுட்டி இல்லை. யாரிடமும் அதிகம் பேச மாட்டாள், சிரிக்க மாட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ‘கஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கஞ்சி போட்ட துணி மாதிரி எப்போதும் விறைப்பாக இருக்கிறாளாம்.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்த கையோடு மதுக்கடைக்குப் போய் ஆண்களோடு வரிசையில் நின்றாள். முறை வந்ததும், “ஜின் இருக்கா?” என்று கேட்டாள்.

கடைக்காரன் ஏற இறங்கப் பார்த்தான். “யாருக்கும்மா?”

“எனக்குத்தான். ஏன், எனக்கெல்லாம் வாய் இல்லையா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் பாட்டிலைப் பையில் போட்டு, அதன்மேல் புதினாக்கட்டை வைத்து மூடிக்கொண்டு, தலை நிமிராமல் வீட்டுக்கு நடந்தாள். கல்யாணமான நாள்முதல் குடியைத் திட்டித் திட்டியே நாக்கு தேய்ந்தவள் அவள். புருஷனைக் கொண்டுபோனது குடிதான்.

வீட்டில் தம்பி படுத்திருந்தான். அவளைவிட நாலு வயது இளையவன். ஒரு பெரிய ஓட்டல் பாரில் இருபத்தாறு வருஷம் மது கலந்து கொடுத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அவள் புருஷன் அந்த ஓட்டலுக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போதுதான் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் தம்பியைக் கேட்டாள்: “நேத்து அவருக்கு நீதான ஊத்துன?”

“இல்லக்கா. அத்தான் நேத்து பாருக்கே வரல.”

அவள் நம்பவில்லை. “இனிமே என் மூஞ்சியில முழிக்காத” என்று சொல்லிவிட்டாள். அவனும் வரவில்லை.

போன மாதம் வார்டிலிருந்து அழுக்குத் துணி கொண்டுவந்த ஆயா, “உன் ஜாடையில ஒருத்தர் படுத்திருக்காரு, போய்ப் பாரேன்” என்றாள். போய்ப் பார்த்தாள், தம்பிதான். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. தொண்டையில் புற்று. இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. கட்டில் ஓரம் கொஞ்ச நேரம் நின்றாள். ஒருவேளை அவன் சொன்னது நிஜமோ, நாம்தான் அநியாயமாக ஒதுக்கி வைத்துவிட்டோமோ என்று முதல் தடவையாக நினைத்தாள். வெளியே போய் ஒரு வண்டி பிடித்து வந்தாள்.

சாப்பாடு வயிற்றுக் குழாய் வழியாகத்தான். குரல் போய்விட்டதால் எதுவானாலும் நோட்டில் எழுதிக் காட்டுவான். வந்த இரண்டாவது வாரம் எழுதினான்: “வாய் செத்துக் கெடக்கு. ஒரு கிம்லெட் நாக்குல பட்டா போதும்.”

“அப்படின்னா?”

“ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. ஐஸ் போட்டுக் குலுக்கணும்.”

அவள் நோட்டைக் கட்டில்மேல் வீசினாள். “இந்த வாசப்படிக்குள்ள அது வராது.”

வாரம் இரண்டு நாள் வந்து பார்க்கிற நர்ஸிடம் இதைப் புகாராகத்தான் சொன்னாள். நர்ஸோ, “பஞ்சுல நனைச்சு நாக்குல தடவினா ஒண்ணும் ஆகாதும்மா. எலுமிச்சை மட்டும் வேணாம், புண்ணுல பட்டா துடிச்சுப்போவாரு. ஜின்னையும் பேருக்கு விடுங்க. இன்னும் எத்தனை நாளு? கேக்கறதக் குடுங்க” என்றாள்.

இரண்டு நாள் போர்வைகளைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். புளிப்பு ஆகாது, சரி. வாசனைக்கு என்ன தடை? காய்கறிக்காரியிடம் எலுமிச்சைப் புல் கிடைத்தது. தண்டை நசுக்கிச் சர்க்கரைப் பாகில் போட்டு, மூடி வைத்து ஆறவிட்டாள். ஜாம் பாட்டிலில் ஐஸ், அரை டம்ளர் தண்ணீர், இரண்டு கரண்டி பாகு, அரைத் தேக்கரண்டி ஜின். பாட்டிலைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புருஷனின் சட்டை நாற்றம் வரும் என்று பயந்திருந்தாள். அது வரவில்லை. புதிதாக அறுத்த மரக்கட்டை மாதிரி ஏதோ மணத்தது. புதினாவை இடித்துப் போட்டுக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடிகட்டினாள்.

குச்சி நுனியில் இருந்த பஞ்சை அதில் நனைத்து அவன் நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போனது. எழுதினான்: “கஷாயம்.”

“கொழுப்பப் பாரு” என்றாள்.

அவன் ஒரு புதினா இலையை வாங்கி உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் ஒரே தட்டு தட்டிக் காட்டினான். இடித்தால் கசந்துவிடுமாம். மறுநாள் அப்படியே செய்தாள். பஞ்சு நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு எழுதினான்: “இது கிம்லெட் இல்ல. ஆனா நல்லா இருக்கு.”

அதன்பின் தினமும் நாலு மணிக்கு அவள் குலுக்குகிற சத்தம் கேட்டால் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். எட்டு நாள் அப்படிப் போனது. ஒன்பதாம் நாள் நோட்டை நெஞ்சோடு அணைத்துவைத்திருந்து, அப்புறம் நீட்டினான்.

“அன்னிக்கு அத்தான் வந்தாரு. மூணு குடுத்தேன். நாலாவது முடியாதுன்னேன். அழுதாரு. குடுத்துட்டேன்.”

இரண்டு தடவை படித்தாள். “அன்னிக்கு இல்லன்னு சொன்னியேடா. பன்னெண்டு வருஷம்...”

அவன் தலையாட்டினான்.

கையில் இருந்த டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள். மூன்று நாள் ஒரு குறையும் வைக்கவில்லை. குழாயில் கஞ்சி விட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், விரிப்பு மாற்றினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. நாலு மணிக்குச் சமையல்கட்டில் சத்தமும் இல்லை. அவன் கேட்கவும் இல்லை. தம்பிதான் ஊற்றியிருப்பான் என்று பன்னிரண்டு வருஷமாக நம்பியிருந்தவள்தான். ஆனாலும் அது பொய்யாக இருக்கட்டும் என்று கடைசி ஒரு மாதம் மனசு ஆசைப்பட்டுவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவள் பையைக்கூட இறக்காமல் சமையல்கட்டுக்குப் போனாள். அவசரத்தில் பாகு கொஞ்சம் கீழே சிந்தியது. குலுக்கி எடுத்துவந்து அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீ செஞ்சது தப்புதான். அத நான் மறக்க மாட்டேன்” என்றாள். “வாயத் தொற.”

திறந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இறந்துபோனான். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்ததால் எந்த நிமிஷம் என்று தெரியாது.

ஓட்டலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவன் பெட்டியில் இருந்தவை என்று ஒரு காகிதப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாரில் அவன் போட்டுக்கொண்ட மூன்று வெள்ளைச் சட்டை, கையில்லாத ஒரு கறுப்பு அரைக்கோட்டு. அவள் எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்தாள். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி அவற்றைப் பார்த்துவிட்டு, “யாருக்காவது குடுத்துடேன், சும்மாதான கெடக்கு” என்றாள்.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.