என் திரையில் புல் முளைக்காது

விழுப்புரத்தில் பெரியப்பா வீட்டில் பழசானதெல்லாம் விக்கிரவாண்டி டோலைத் தாண்டித் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பெரியப்பா மகன், அதாவது அண்ணன், ஓட்டிச் சலித்த சைக்கிள், ஜிப் போன பை, கம்ப்யூட்டர். நான் ஏழாவது படிக்கும்போது வந்தது, கேம் படங்கள் திரையில் ஓடக் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அண்ணனுக்குப் புதிது வாங்கியாகிவிட்டது. பழையதை அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் எதையும் அவர் அப்படித்தான் வாங்குவார்.

புதிதாக வந்த கேம்கள் அந்தக் கார்டை மதிக்கவே இல்லை. ஒன்று, திறக்கும்போதே 'உங்கள் கார்டு போதாது' என்று கதவைச் சாத்தியது. அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஆடிய துப்பாக்கி விளையாட்டு மட்டும் போனால் போகிறது என்று உள்ளே விட்டது. அதுவும் திக்கித் திக்கித்தான் ஓடியது. கார்டுக்குச் சுமை குறையட்டும் என்று செட்டிங்ஸில் போய் நிழலை நிறுத்தினேன், தண்ணீரின் பளபளப்பை நிறுத்தினேன், கடைசியில் புல்லையும் நிறுத்தினேன். மொட்டைத் தரையானாலும் விளையாட்டு ஓடியது.

அண்ணனுடைய டீமில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு வெறி. போனில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அந்தக் கார்ட வெச்சிக்கினு நீ என்னா ஆடுவ பாப்பா? ஒரு தபா என்ன அடிச்சிக் காட்டு, சேத்துக்கறேன்."

பொங்கல் லீவில் ஒருநாள் மதியம் ஆடினோம். அவன் அங்கே, நான் இங்கே, நடுவில் போன். கூட்டாளிகள் அவன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் ஓடிப்போய் இடுப்பளவுப் புல்லுக்குள் படுத்துக்கொண்டான். அது அவன் திரையில். என் திரையில் புல் ஏது? வெறும் தரையில் குப்புறக் கிடந்தான். சுட்டேன். மறுபடி படுத்தான், மறுபடி சுட்டேன். கூட்டாளிகள் சிரித்த சிரிப்பு போனில் எனக்குக் கேட்டது.

"எப்டி தெரியுது உனுக்கு?" என்று கத்தினான்.

"இந்தக் கார்டுல புல்லே வராதுண்ணா." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறே பெரியப்பா குடும்பம் காரில் வந்து இறங்கியது. பெரியம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "எங்க ஊட்ல மூலையில கெடந்தது. இங்க ஜோரா ஓடுதாமே!" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, "சூப்பரா ஓடுது பெரியம்மா" என்றேன். அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சித்தப்பா, அந்தக் கார்ட ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான்."

"எடுத்துக்கினு போப்பா, உங்களுதுதான" என்றார் அப்பா. தானே ஸ்குருவைக் கழற்றினார். துண்டால் தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். டீமில் சேர்த்தாயிற்று, இதைவிட நல்ல கார்டு தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். கார் வரை ஓடி, "எப்பண்ணா ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

டோலைத் தாண்டி வந்தவற்றில் திரும்பிப்போனது அது ஒன்றுதான். ஜிப் போன பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பின்னால்தான் எனக்குப் புரிந்தது. இனி உதவாது என்பதால்தான் அதை எங்களுக்குக் கொடுத்தார்கள்; அதை வைத்தே நான் ஜெயித்ததும் எடுத்துக்கொண்டார்கள். டார்ச் பிடித்து நின்றவளுக்கு அது தெரியாது. புதுக் கார்டு வந்ததும் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று, அந்த மாதம் முழுக்கக் கம்ப்யூட்டரின் மூடியைப் போடாமலே வைத்திருந்தேன்.