தீராத சிலிண்டர்

குளிர்காலம் கழிக்க நாங்கள் வரும் போர்ச்சுகல் கடற்கரை முகாமில் எங்களுக்கு அடுத்து நிற்கும், அடுப்பும் படுக்கையும் வைத்த மோட்டார் வீட்டு வேன் ஹார்ட்முட்டுடையது. ஜெர்மனியிலிருந்து நாங்கள் கொண்டுவரும் கேஸ் சிலிண்டரை இங்கே எவனும் மாற்றித் தரமாட்டான்; இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எரிக்க வேண்டும். ஹார்ட்முட்டின் மனைவி எல்கே சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றித் தடவிப் பார்ப்பாள். கை சில்லிடும் இடம்வரை கேஸ் இருக்கிறதென்று கணக்கு. போன கோடையில் அவள் இறந்துபோனாள்.

இந்தக் குளிர்காலம் தனியாக வந்தவர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

“ரெண்டு வாரத்துல தீர்ற சிலிண்டர், இர்மா! அஞ்சு வாரமாகியும் தீரல. ரெகுலேட்டர் கோளாறுதான்!”

“சமைக்கிறீங்களா?”

“ரொட்டி இருக்கே.”

“ஹீட்டர்?”

“குளிருதுன்னு அவதானே போடச் சொல்வா...”

உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து சிலிண்டர்மேல் ஊற்றினார். சில்லிட்ட இடத்தில் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை.