ராஜாவை யாரும் குத்த வேண்டாம்

"...அதனால ராஜாவ யாரும் குத்த வேணாம் அண்ணே. நெஞ்சு வலி வந்து செத்துட்டார்னு வச்சுக்கலாம்லா."

இப்படிச் சொன்னவர் மணியம். பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வீடு கட்ட மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். மிஞ்சியிருப்பது தோட்டத்து மண்டபம் ஒன்றுதான். அதன் தலைவர் இவர். தீபாவளி விருந்துக்கு நாடகம் போடுகிறோம், ஒத்திகைக்கு வாங்க என்று கூப்பிட்டிருந்தார். போனேன்.

கதை ஒன்றும் புதிதல்ல. ராஜா உயிராக நம்பிய தளபதி, "நாட்டின் நன்மைக்காக" என்று சொல்லிக்கொண்டே எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். கடைசியில் ராஜாவின் முதுகில் கத்தி!

இதில் என்ன வில்லங்கம்?

சிறப்பு விருந்தினர்தான் வில்லங்கம். அந்த வட்டாரத்து ஒய்.பி. — சட்டமன்ற உறுப்பினர் — போன மாதம்தான் இந்த அணியிலிருந்து அந்த அணிக்குத் தாவியிருந்தார். "மக்களின் நன்மைக்காக" என்று பேட்டி வேறு. மண்டபத்தை இடிக்க விடமாட்டேன் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தவரும் அவரேதான். அவர் முகம் கோணினால் மண்டபம் போச்சு... மணியத்தின் பயம் அது.

'துரோகி' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, 'மாற்றுக் கருத்துள்ள நண்பர்' என்று எழுதியும் வைத்துவிட்டார்!

ராஜா வேஷம் போட்ட சேகரன் லோரி ஓட்டுகிறவர். அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நெஞ்சு வலியில சாகறதுக்கா அண்ணே நான் மீசை வளர்த்தேன்? அப்படியே ஆம்புலன்ஸும் கூப்பிட்டுருங்கலா. ஆஸ்பத்திரி கிட்டத்தான இருக்கு!"

"மண்டபம் போச்சுன்னா அடுத்த வருஷம் எங்கடா சாவே?"

சேகரன் மீசையைத் தடவிக்கொண்டே ஒத்திகைக்குத் திரும்பினார்.

ஆனால் விருந்தன்று அவர் தலைவர் சொன்னபடி சாகவில்லை. தளபதி வேஷக்காரரின் காதை முன்கூட்டியே கடித்திருக்கிறார். அட்டைக் கத்தி முதுகில் இறங்கியது. "துரோகி!" என்று கூரை அதிரக் கத்திவிட்டு ராஜா விழுந்தார்.

மணியம் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒய்.பி.யைப் பார்த்தேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்!

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று யார் சொன்னது? சொன்னவர் தேர்தலையே பார்க்காதவராக இருக்க வேண்டும். அடுத்தவன் செய்தால் துரோகம்; நாமே செய்தால் நாட்டுப்பற்று. யாராவது தன்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறானா, சொல்லுங்கள்?

திரையில்லாத மேடை. ராஜா செத்துக் கிடக்கும்போதே ஒய்.பி. ஏறி மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாதிரித் துரோகிகளை நம் சமுதாயம் மன்னிக்கவே கூடாது!"

ஒரே கைதட்டல். மணியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். ஓடிய சூட்டிலேயே, "ஒய்.பி., நம்ம மண்டபம்..." என்று மெல்ல நினைவுபடுத்தினார்.

"அது நான் அந்த அணியில இருந்தப்ப சொன்னது மணியம். இப்ப நிலைமை வேற. வளர்ச்சி வருதுன்னா நாமதான் விட்டுக் கொடுக்கணும். எல்லாம் மக்களுக்காகத்தானே?"

மைக்கை யாரும் அணைக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஒய்.பி. பொன்னாடைக்காகத் தலையைக் குனிந்து நின்றார். மணியம் அவரைத் தாண்டிப் போய், செத்துக் கிடந்த ராஜாவுக்கு அதைப் போர்த்தினார்.