மாமா தாள் வாங்கிய கதை

என் தாய்மாமா ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்குத் தாள் வாங்க நாங்கள் இருவரும் பினாங்கு முழுவதும் அலைந்தோம். நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் என் சிறுவயதில் அந்த அலைச்சலைப் போலச் சந்தோஷமான நாட்கள் வேறு அதிகம் இல்லை.

அப்போது சூலியா ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அரிசிக் கடை ஒன்றின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரு கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில், தொங்கான் படகுகளிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற உத்தியோகம் அவருக்கு. நாள் முழுவதும் நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். அதுவும் பென்சிலால்.

ஆனால் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஓர் ஊற்றுப் பேனா இருக்கும். கிட்டங்கித் துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கறுப்பு உடம்பு, கழுத்தில் தங்க வளையம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துணியால் துடைப்பார். அதில் மை இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் பொருந்தி, போட்டோவும் போய்ச் சேர்ந்த பிறகு, அப்பாவுக்கு வாத்தியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கரைச் சீமைக்குப் போனவர்களில் சிலர் எழுதப் படிக்கத் தெரியாமலே, ஆள் வைத்துக் கடிதம் எழுதிப் பெண் கேட்கிறார்கள் என்று கேள்வி. ஆகையால் மாப்பிள்ளை தம் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் மனத்துக்குத் திருப்தியாக இருக்கும். ரங்கூனிலிருந்தும் ஓர் இடம் வந்திருப்பதால், தை பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி எழுதியிருந்தார்.

அப்பா படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மாப்ளே, வாத்தியார் உமக்குப் பரீட்சை வச்சுட்டாரு!"

மாமா சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். அவர் காதுமடல் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணின் போட்டோவைத் தம் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் அவர் வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்தோம்.

அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் கடிதம் போனால்தான் தை பிறப்பதற்குள் சேரும் என்று அப்பா கணக்குச் சொன்னார். ஆபீசிலிருந்து கொண்டுவந்த நீளத் தாள் ஒன்றை எடுத்து, இதில் எழுதும் என்று நீட்டினார்.

"அது மூட்டைக் கணக்கு எழுதுற தாள், அத்தான்," என்றார் மாமா.

"அப்ப வெள்ளித் தகட்டுலயா எழுதப் போறீரு?"

அம்மா அடுக்களையிலிருந்து தன் பங்குக்குச் சொன்னாள். "எதுல எழுதினாலும் கறுப்பு மை வேண்டாம்டா தம்பி. நல்ல காரியம். செவப்புல எழுது. குங்குமம் மாதிரி லட்சணமா இருக்கும். எழுதி முடிச்சதும் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவணும், மறந்துடாதே."

மறுநாள் சாயங்காலம் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். தனியாகக் கடைக்குள் நுழைய அவருக்குக் கூச்சம். என்னைப் போல ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் கூச்சம் பாதியாகிவிடும். எனக்கும் அதே குணம் என்பதால் அது எனக்கு அப்போதே புரிந்தது. இரண்டு பேருடைய பாதிக் கூச்சமும் சேர்ந்து ஒரு முழுக் கூச்சமாகக் கடை வாசலில் நிற்கும்.

முதலில் எங்கள் தெரு முனையில் இருந்த பாய் கடை. சிலேட்டு, பஞ்சாங்கம், அத்தர் எல்லாம் ஒன்றாக விற்கிற கடை.

"யாருக்குத் தம்பி கடுதாசி?" என்றார் பாய்.

"சும்மா… ஊர்ல ஒருத்தருக்கு."

"வயசானவங்களா, சின்ன வயசா? வயசானவங்கன்னா கோடு போட்ட தாள் எடுத்துக்குங்க. சின்ன வயசுன்னா இந்தா, ரோஜாப்பூப் போட்டது."

மாமா கோடு போட்டதைக் கேட்டார். பாய் அவர் முகத்தைப் பார்த்தார். ரோஜாப்பூப் போட்டதைக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் மைக்கூட்டிலிருந்து நீலக்கறுப்பு மையை ஒத்திகைக்காகப் பேனாவில் நிரப்பினார். ஜன்னலோரம் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். கீழே ரிக்ஷா மணி கேட்டது. அரிசிக் கடையில் மூட்டை தைக்கிறவன் பாட்டுப் பாடி முடித்தான். மாமாவின் உதடு மட்டும் லேசாக அசைந்தது. கடைசியில் முள்ளின் நுனியிலிருந்து ஒரு சொட்டு மை தாளின் மேல் விழுந்து நட்சத்திரம் மாதிரி பரவியது.

மாமா பெருமூச்சு விட்டார். "பாத்தியா? ஊறுது. தாள் சரியில்ல."

நான் குனிந்து பார்த்தேன். மை ஊறியிருந்தது உண்மைதான். "ஆமா மாமா," என்றேன்.

இப்படித்தான் எங்கள் அலைச்சல் ஆரம்பித்தது. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கடையில் வழவழப்பான தாள் வாங்கினோம். அதில் முள் வழுக்குகிறது என்றார். இன்னொரு கடையில் ஜப்பான் தாள், வெங்காயச் சருகு மாதிரி. முன்பக்கம் எழுதினால் பின்பக்கம் தெரியும், வேண்டாம் என்றார். ஒவ்வொரு நாளும் திரும்பி வரும் வழியில் எனக்குக் கச்சான் கடலைப் பொட்டலம் கிடைக்கும். ஆகவே நானும் ஒவ்வொரு தாளிலும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துச் சொன்னேன். மாமா அதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள் துணிந்து பீச் ஸ்திரீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கடைக்கே போய்விட்டோம். கண்ணாடி அலமாரிகளும் தலைக்கு மேல் மின்விசிறியும் இருந்த கடை. உள்ளே போகுமுன் மாமா தலைமுடியைப் படிய வாரிக்கொண்டார். எனக்கும் வாரிவிட்டார். கவுன் போட்ட, பாதி வெள்ளைக்காரியான ஒரு சட்டைக்காரப் பெண் வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். மாமாவின் காது மறுபடியும் சிவந்தது.

"என்ன கேக்குது மாமா?"

"லெட்டர் ஆம்பளைக்கா பொம்பளைக்கான்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆபீசுக்குன்னு சொல்லிட்டேன்."

அவள் ஆபீஸ் தாளாக எடுத்துப் போட்டாள். நான் அதற்குள் அலமாரியில் மிக அழகான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். தடித்த வெள்ளைத் தாள், சுற்றிலும் வேட்டிக் கரை போலக் கறுப்புக் கரை. "மாமா, இது! இது எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று கத்தினேன். மாமா திரும்பிப் பார்த்தார். என் வாயைப் பொத்தி, என்னை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பாதித் தெரு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "அது சாவுக்கு எழுதுற தாள்டா கண்ணு!" சொல்லிவிட்டு அவரே நடைபாதைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் முழுவதிலும் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்தேன். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து ஒரு ரிக்ஷாக்காரரும் சிரித்தார்.

கப்பலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வீட்டில் அம்மா மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். "ரங்கூன்காரன் இந்நேரம் எழுதிப் போட்டிருப்பான்," என்று சட்டியைத் தேய்த்தபடி சட்டியிடம் சொல்வாள்.

கடைசியாகப் போனது ஒரு சீனர் கடைக்கு. மழை நாள். கடைக்காரத் தவுக்கே ஒரு பெரிய பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்தார். அடியில் அரிசி போட்டு, அதன்மேல் தாள்களை அடுக்கி வைத்திருந்தார். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. பாலாடை நிறத்தில் அளவான தடிப்பு. தொட்டாலே மொடமொடவென்று சத்தம் வந்தது. மாமா முகர்ந்து பார்த்தார். எனக்கும் முகரக் கொடுத்தார். என்ன குறை சொல்வது என்று நான் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மாமாவுக்கும் கிடைக்கவில்லை. அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு மாமா மலாயில் சிவப்பு மை கேட்டார். "பொண்ணு வீட்டுக்குக் கடுதாசி," என்று முதல்முறையாக ஒரு கடைக்காரரிடம் உண்மையையும் சொன்னார். தமிழ்க்காரராக இல்லாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

தவுக்கே எடுத்த பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தா போலே! முடியாது லா, தம்பி! செவப்பு எழுதினா கூட்டு முடிஞ்சு போச்சு. நீ வேற, நான் வேற. பொம்பளைக்குச் செவப்பா? நான் விக்க மாட்டேன்!"

பத்துப் பதினைந்து வருஷம் தமிழர்களுக்குச் சாமான் விற்றுப் பழகிய தமிழ் அது. மாமா பயந்துவிட்டார். அம்மா சொன்ன மையைத் தவுக்கே விற்க மாட்டார். தவுக்கே காட்டிய கறுப்பை அம்மா வீட்டுக்குள் விட மாட்டாள். பச்சை எடுக்கலாமென்றால், கிட்டங்கியில் பெரிய துரை ஒருவர்தான் பச்சையில் கையெழுத்துப் போடுவார். இது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கும் என்றார் மாமா. நீலத்தைத் தொட்டபோது தவுக்கே முகம் சுளித்தார். அது அவர்கள் துக்க நிறமாம். கடைசியில் யாருக்கும் ஆட்சேபணை இல்லாத ஊதா மை மிஞ்சியது.

"பாகுஸ்!" என்று தவுக்கே கட்டைவிரலை உயர்த்தினார். என்னைப் பார்த்துக் கண்ணையும் சிமிட்டினார்.

இனித் தாளுக்கும் குறை இல்லை, மைக்கும் குறை இல்லை. ஆனால் அன்றைக்கும் மாமா எழுதவில்லை. வெளிச்சம் போதாது என்றார். மறுநாள் கை வலிக்கிறது என்றார். கப்பல் புறப்படுகிற அன்று காலையில், அம்மா நல்ல நேரம் பார்த்துத் தானே காரியத்தில் இறங்கிவிட்டாள். ராகுகாலம் வருவதற்குள் மங்களகரமாக ஏதாவது நடந்தாக வேண்டும் என்று மஞ்சளைக் குழைத்து, எழுதாத தாள்கள் அத்தனைக்கும் நாலு மூலையிலும் தாராளமாகத் தடவி வைத்துவிட்டாள். எழுதிய பிறகு தடவ வேண்டியதை எழுதும் முன்பே தடவியதில், மஞ்சள் தண்ணீர் தாளுக்குள் இறங்கி நாலு பக்கமும் நனைந்திருந்தது.

மாமா கிட்டங்கியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து பார்த்தார். ஓரத்தில் பேனாவை வைத்தார். ஊதா மை மஞ்சளுக்குள் ஓடிப் புழுவாக நெளிந்தது.

"அக்கா, என்ன காரியம் பண்ணினே! எல்லாத் தாளும் போச்சு!"

சொல்லும்போது அவர் குரலில் கோபத்தை விட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க போச்சு? நடுவுல காய்ஞ்சு கெடக்குல்ல? எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன். உள்ளங்கை அகலம் போதும்டா. எழுது."

மாமா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலம் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. "எழுதலாம் மாமா," என்றேன்.

எழுதினார். நடுவில் மட்டும், குட்டைக் குட்டை வரிகளாக. சாப்பாட்டுக்கு வந்த அப்பா அதை எடுத்து உரக்கப் படித்தார். வணக்கம் எழுதி, இது என் கையெழுத்து என்று எழுதி, அக்காள் வீட்டில் இருப்பதையும் மாடி ஜன்னலில் கடல் காற்று வருவதையும் எழுதியிருந்தார். கடைசி வரி, 'இங்கே அடிக்கடி மழை பெய்யும், பழகிக்கொள்ளலாம்.'

"மாப்பிள்ளை எழுதுற கடுதாசியாய்யா இது? மழையைப் பத்தி வாத்தியாருக்கு என்ன?" என்று அப்பா சிரித்தார்.

"வாத்தியாரு மட்டுமா படிக்கப் போறாரு? மடிச்சு ஒட்டுங்க," என்றாள் அம்மா.

ரிக்ஷாவில் நானும் மாமாவும் தபாலாபீசுக்குப் பறந்தோம். கப்பலுக்குப் போகும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா கடிதத்தை நீட்டிவிட்டுக் கையை உடனே எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்தான் இழுத்து வாங்கினார்.

சம்மதம் என்று பதில் வந்தது. மாமா ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, அத்தையோடு கப்பலில் வந்து இறங்கினார். அன்றைக்கும் மழை.

அத்தையும் அதிகம் பேசாதவள். ஒரு மத்தியானம் எனக்குத் தலை வாரிக்கொண்டே, "உங்க மாமா எழுதுன கடுதாசி இத்தனூண்டு," என்று விரலால் காட்டினாள். மாமாவைக் குறைவாக நினைத்துவிடப் போகிறாளே என்று எனக்குப் பதைப்பாகிவிட்டது.

"அது மாமா தப்பில்ல அத்தை! இந்த ஊர்ல தாளே சரியில்ல," என்று ஆரம்பித்து, பாய் கடை முதல் தவுக்கே கடை வரை மூச்சு விடாமல் சொன்னேன். சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது.

"அத்தனை கடை ஏறி எறங்குனாரா? வெள்ளைக்காரன் கடைக்குமா?"

"ஆமா."

"பேனாவப் புடிச்சுக்கிட்டு எழுத வராம உக்காந்திருந்தாரா?"

"எழுத வந்துச்சு அத்தை. தாள்தான் ஊறுச்சு."

"ஆமாமா, தாள்தான்," என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். மாமா வேலைக்குப் போனதும் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "அந்த மைச் சொட்டு விழுந்ததைச் சொல்லேன்," என்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் விளக்கு ஏற்றினாற்போல ஆகும். நாங்கள் போகாத கடைகள் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் அப்படியே பூரித்துப் போனாள்.

வாத்தியார் மகள் அல்லவா, அத்தைக்குத் தாள் என்றால் உயிர் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து என் பள்ளிக்கூட நோட்டின் நடுவிலிருந்து நல்ல தாள்களாகப் பார்த்துக் கிழித்து, யாருக்கும் தெரியாமல் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.