உயிரோடு ஒரு மீன்

வடசேரியிலிருந்து அஞ்சுகிராமம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் செயின். பையிலிருந்து, மூக்கையும் சேர்த்து மூடுகிற ஸ்கூபா கண்ணாடியை எடுத்தார். வாரை மாட்டாமல் முகத்தில் அழுத்தி, மூக்கால் காற்றை உறிஞ்சி, இரண்டு கையையும் விட்டார். அது அப்படியே ஒட்டி நின்றது. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் வாயைப் பிளந்தார். அக்காவோ கழற்றிக் கழற்றி அதையே செய்துகொண்டிருந்தார்.

“தண்ணி ஏறுமான்னு பாக்கேன் மக்களே. அடுத்த மாசம் அந்தமானுக்குப் போறேன், கடலுக்கு அடியில இறங்கதுக்கு.”

“தனியாவா அக்கா?”

“தங்கச்சியக் கூட்டிட்டுப் போனா அவ பயத்தையும் நான்தான் சுமக்கணும். கூட நீந்த ஒரு ஆள அங்கயே சேத்து விடுவாவ.”

“முன்னாடி இறங்கியிருக்கீங்களா?”

“ஒரே தடவ. பயத்துல கண்ண இறுக்கி மூடிட்டேன். மேல வந்ததும் எல்லாரும் மீனப் பத்தியே பேசினாவ. நான் ஒண்ணையும் பாக்கல.” சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “கடப்புறத்துல பொறந்தவ நான். நான் வெட்டாத மீனில்ல. ஒண்ணாவது உயிரோட என்னப் பாக்கணும் மக்களே.”

போனாரா, கண்ணைத் திறந்தாரா, தெரியாது. மீன் வாங்கும்போது புதுசா என்று கண்ணைத்தான் பார்ப்பேன். அந்தமான் மீன் நம் சந்தைக்கு வராது என்று தெரியும். இருந்தாலும் கூடை முன்னால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். இந்தக் கண் அவரைப் பார்த்திருக்குமோ?