முப்பத்தோராம் நாள் மடியில் வைத்த குழந்தை

எங்கள் ஊரான அக்கராயனில் வீட்டுக் கன்றுக்குட்டி செத்தபோது எனக்கு ஒன்பது வயது. ஊதியிருந்த அதன் வயிற்றைப் பார்த்து, "இது தப்பாது" என்று முதல்நாள் சொன்னவள் நான்தான். எனக்குக் கரிநாக்கு, சொன்னால் பலிக்கும் என்றார் மாமி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான். அதனால்தான் வாய் நீண்டதாம். பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பூசாரியார் மிளகாய்ப் புகை காட்டி, வேப்பங்கொப்பால் முதுகில் அடித்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் என்னைக் கூட்டிவரச் சொன்னார்.

அதற்கிடையில் பக்கத்து வீட்டு அன்ரியின் குழந்தைக்கு, பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும் சடங்கு வந்தது. என்னைக் குழந்தையின் கண்ணில் காட்டவே கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். நான் வேலியோடு நின்றேன். அன்ரி கூப்பிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தார்.

"விசரே உனக்கு? இவளிட்டையோ குடுக்கிறாய்?" என்று மாமி கத்தினார்.

"ஓமக்கா. பலிக்கிற வாயெண்டால் நல்லதாச் சொல்லட்டுமே. சொல்லு பிள்ளை, இவன் எப்பிடி வருவான்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நல்லாச் சாப்பிடுவான்" என்றேன். அவன் என் சட்டையை நனைத்தான். முதலில் சிரித்தவர் அப்பா.

வெள்ளிக்கிழமை அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றி, பூசாரியார் வீட்டைக் கடந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார்.

இப்போது நான் பல்கலைக்கழக மாணவி. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். போன விடுமுறையில் அன்ரியிடம், "அண்டைக்குப் பிள்ளையை என்ரை மடியிலை வைக்கப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலோ பிள்ளை?" என்றார்.

பயந்துகொண்டும் தந்தாரே என்று நினைக்கையில் என் நன்றி இன்னும் கூடுகிறது.